கேக்கலடா

திருமுருகனுக்கு மனசு விட்டுப் பேச உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். அந்த ஆளும் சிங்கப்பூரில் இருந்தான். இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால், முப்பத்தேழு வயசு மனுஷன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத மனிதன் டவுன் பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் எடுக்க வேண்டுமா வேண்டாமா என்று தனியாக வாதாடுவதைப் பார்க்கிறவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்கள். திருக்கோகர்ணத்தில் சில பேர் அப்படி நினைத்துக்கொள்ளவும் செய்தார்கள்.

கடை என்றால் பெரிய கடையில்லை. ஃபிளெக்ஸ் பேனர் டிசைன் பண்ணுகிற ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், வந்தவர் உட்கார இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் இவன் கைபட்டுத்தான் தெருமுனைக்கு வரும். காது குத்தப்போகிற குழந்தையைப் பறக்கும் வீரனாக்கி, மேலங்கி மாட்டி, மேகத்துக்கு நடுவே நிறுத்துவதில் இவனை அடித்துக்கொள்ள அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. கல்யாணம் ஆகவில்லை. அம்மா பொன்னமராவதியில் அண்ணன் வீட்டோடு இருந்தார். கடைக்கு மேலேயே இவனுக்கு ஒரு அறை. வாடிக்கையாளர்களிடம் பேசுவான், டீக்கடையில் பேசுவான், ஆனால் அதெல்லாம் பேச்சா? எழுத்து பெரிசா இருக்கணும், தாய்மாமன் போட்டோ பளிச்சுன்னு இருக்கணும், சர்க்கரை கம்மி, இவ்வளவுதான் அதில் இருக்கும்.

பேச்சு என்றால் ஃபிரெடியோடு பேசுவதுதான். ஆவூர்க்காரன். பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். படிப்பு முடிந்து அவன் சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்குப் போய்விட்டான், இவன் பேனருக்கு வந்துவிட்டான். ஆனால் பெஞ்சில் தொடங்கிய வாக்குவாதம் மட்டும் முடியவில்லை. ஞாயிறுதோறும் இவன் ஒரு வாய்ஸ் நோட் அனுப்புவான், அங்கிருந்து பதில் வரும். இவனுடைய எல்லா வாய்ஸ் நோட்டும் ஒரே மாதிரிதான் தொடங்கும். தொண்டையைச் செருமிக்கொண்டு, "கேக்குதா?" என்பான். மேடையில் மைக் சோதிக்கிறவன் தோற்றான் போங்கள்.

என்னதான் பேசிக்கொள்வார்கள் என்று கேட்டால் சொல்லத் தொடங்கி முடிக்க முடியாது. கண்ணுக்குத் தெரியாத மனிதனுக்கு டிக்கெட் மிச்சம், ஆனால் காலி சீட் என்று நினைத்து எவனாவது மடியில் உட்கார்ந்துவிடுவானே, அதற்கென்ன வழி என்பது இவன் கட்சி. அவனால் முதலில் பஸ்ஸையே பார்க்க முடியாதுடா லூசு, உடம்பு முழுக்க வெளிச்சம் ஊடுருவிப் போனால் கண்ணுக்குள் எதுவும் நிற்காது, அவன் முழுக் குருடன் என்பது ஃபிரெடி கட்சி. வேற்றுக்கிரகவாசிகள் ஏன் எப்போதும் வெளிநாட்டு நகரங்களில் மட்டுமே இறங்குகிறார்கள், ஒரு தடவை புதுக்கோட்டையில் இறங்கினால் என்ன என்று ஒரு மாசம் ஓடியது. இறங்கினால் மறுநாளே "வருக வருக" என்று ஃபிளெக்ஸ் வைத்துவிடுவார்கள், அந்த ஆர்டர் எனக்குத்தான் வரும், முகமே இல்லாத ஜந்துவுக்கு வட்டத்துக்குள் எதைப் போடுவது என்று திருமுருகன் நிஜமாகவே கவலைப்பட்டான். குடுமியான்மலைக்குப் போய்வந்த ஒரு ஞாயிறு, பாறையில் வெட்டியிருக்கிற இசைக் கல்வெட்டைப் பற்றிப் பேசினான். யாரோ ஒருத்தன் அந்தக் காலத்திலேயே வாய்ஸ் நோட் அனுப்பிவிட்டான், அதை அவன் மாதிரியே பிளே பண்ணத்தான் இன்னும் ஆள் பிறக்கவில்லை என்றான். அதற்கு ஃபிரெடி சிரித்த சிரிப்பை இவன் ரொம்ப நாள் வைத்திருந்து கேட்டான்.

எல்லாவற்றிலும் பெரிய சண்டை காதைப் பற்றியது. எத்தனை மைலுக்கு அப்பால் பேசினாலும் கேட்கிற சக்தி ஒருவனுக்கு இருந்தால் அவன் பாடு என்னவாகும்? பைத்தியம் பிடித்துவிடும் என்றான் திருமுருகன். ஆடி மாசம் நம்ம ஊரில் ஒரு நாள் தூங்க முடியுமா அவனால், எட்டுத் திசையிலும் கோயில் ஸ்பீக்கர் கட்டியிருக்கும், போதாக்குறைக்குத் தன்னைப் பற்றி ஊரே பேசுவதும் காதில் விழும். ஃபிரெடி ஒத்துக்கொள்ளவில்லை. எத்தனை இரைச்சல் இருந்தாலும் வேண்டிய குரலை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்வதுதான்டா அந்தச் சக்தி, சத்தம் முழுவதையும் கேட்பதில்லை என்றான். கப்பல் பட்டறையின் கம்ப்ரசர் பக்கத்தில் நின்றுகொண்டு அவன் இதைச் சொல்லியிருந்தான். பின்னால் இரைந்துகொண்டிருந்த மிஷினில் பாதி வார்த்தை காணாமல் போயிருந்தது.

இப்படி வருஷக்கணக்காகப் போய்க்கொண்டிருந்தது மெல்ல மெல்ல வற்றியது. ஃபிரெடியின் பதில் முதலில் சுருங்கியது, பிறகு எழுத்தாக மாறியது, பிறகு வெறும் கட்டைவிரல் படமானது. கடைசியில் அதுவும் இல்லை. அனுப்பிய வாய்ஸ் நோட்டை எதிராளி கேட்டுவிட்டால் பக்கத்தில் இருக்கிற மைக் படம் நீலமாகும். கேட்காதவரை சாம்பல் நிறத்திலேயே கிடக்கும். திருமுருகன் அனுப்பியவை எல்லாம் வரிசையாகச் சாம்பலாகவே கிடந்தன. ஒரு மனுஷனைப் புறக்கணிப்பதற்கு இவ்வளவு துல்லியமாக ஒரு விளக்கைக் கண்டுபிடித்தவன் நல்லா இருக்கட்டும்.

தாங்க முடியாமல் ஒரு நாள் எழுதியே கேட்டுவிட்டான். "நான் அனுப்புனதக் கேட்டியாடா?"

கொஞ்ச நேரம் கழித்து ஒரே ஒரு வார்த்தை வந்தது. "கேக்கலடா."

அதோடு சரி. வேலை இருந்தது, உடம்பு சரியில்லை, அப்புறம் கேட்கிறேன், ஒன்றும் இல்லை. திருமுருகனுக்குச் சுள்ளென்று ஏறியது. எவனாவது வழிப்போக்கன் என்றால் பரவாயில்லை. தன் வாழ்க்கையில் இருக்கிற ஒரே காது இப்படிக் கூசாமல் சொல்கிறதே. ஷட்டரை இறக்கக்கூட இல்லை. போனை வாயருகே வைத்து, அன்றைக்கு மட்டும் "கேக்குதா" என்று தொடங்காமல், நேராகத் திட்டத் தொடங்கினான். ஒரு வார்த்தை கேக்க ஒனக்கு வலிக்குதா, காது என்ன செவிடாடா ஒனக்கு, பெரிய துரைன்னு நெனப்பு, நீ அங்கிட்டே கெட, இனி ஒன் சங்காத்தமே வேண்டாம், ஒரு நாள் ஒனக்கும் பேச ஆளில்லாமப் போகும், அப்பத் தெரியும். எல்லாவற்றையும் கொட்டி அனுப்பிவிட்டு உட்கார்ந்தான். அதுவும் சாம்பலாகவே கிடந்தது. திட்டியதைக்கூடக் கேட்கவில்லையே என்று அதற்கும் சேர்த்து வலித்தது.

அதற்கப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமைகளை என்னத்தைச் சொல்ல. எத்தனை தடவை துடைத்தாலும் கம்ப்யூட்டர் மேஜையில் தூசி இருந்தது. ஒரு நாள் போனில் இருந்த செயற்கை அறிவுச் செயலியிடம் பேசிப் பார்த்தான். சின்ன வயசில் இவனும் ஃபிரெடியும் எப்போது வரும் எப்போது வரும் என்று காத்திருந்த பேசும் மிஷின் அல்லவா அது. வந்தேவிட்டது, புதுக்கோட்டையில், இவன் உள்ளங்கையில். பறக்கும் வீரன் ஆடிக் காற்றில் குடுமியான்மலை உச்சியில் நின்றால் மேலங்கி அவன் முகத்திலேயே சுற்றிக்கொள்ளாதா என்று கேட்டான். மிகச் சிறந்த கேள்வி என்றது. உளறுகிறேன் என்று வேண்டுமென்றே ஒரு அபத்தத்தைச் சொன்னான். அருமையான பார்வை என்றது. நீ ஒரு லூசு என்றான். சிரமத்துக்கு வருந்துகிறேன் என்றது. இவன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெகுநேரம் தெருவில் போகிற ஆட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லாத ஆளிடம் எவ்வளவு பேசினாலும் தனியாகப் பேசுகிற மாதிரிதான் இருந்தது.

ஈஸ்டர் முடிந்து சில வாரம் கழித்து நான்சி கடைக்கு வந்தாள். ஃபிரெடியின் தங்கை. புதுக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். மகள் கோயிலில் முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற புதுநன்மை விழா, ஆவூரில் பேனர் வைக்க வேண்டும் என்று போட்டோக்களை அனுப்பியிருந்தாள். நடுவில் வெள்ளைக் கவுனில் சிறுமி, கீழே குடும்பத்தார் வரிசை, ஓரத்தில் தாய்மாமன். தாய்மாமன் இல்லாமல் ஒரு பேனர் நம் பக்கம் உண்டா? அந்த இடத்துக்கு அனுப்பியிருந்த படத்தை இவன் பெரிதாக்கினான். ஃபிரெடி. பின்னால் ஆவூர் வேதக்கோயில் கோபுரம், இந்த ஈஸ்டருக்குப் புதுசாக அடித்த வெள்ளை. இந்த வருஷத்துப் படம்.

ஊருக்கு வந்திருக்கிறான். நாற்பது கிலோமீட்டர்கூட இருக்காது, ஒரு வார்த்தை சொல்லவில்லை. படத்தை இன்னும் பெரிதாக்கியபோது, ஃபிரெடியின் காதுக்குப் பின்னால் பழுப்பு நிறத்தில் வளைவாக ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. ப்ளூடூத். எவன் எவனோடோ பேசுவதற்கு இருபத்துநாலு மணி நேரமும் காதில் மாட்டிக்கொண்டு அலைகிறான், நான் பேசுவதற்கு மட்டும் காதில்லை.

"என்னம்மா, குடும்பப் படத்துலகூட ஒங்க அண்ணன் ப்ளூடூத்தக் கழட்ட மாட்டானா?" என்றான். சும்மா கேட்பது போலத்தான் கேட்டான், ஆனால் குரலில் காரம் இருந்தது.

நான்சி திரையைப் பார்த்தாள். பிறகு இவன் முகத்தைப் பார்த்தாள். "அதை அழிச்சுருங்கண்ணே. அதச் சொல்லத்தான் நேர்ல வந்தேன்" என்றாள். சற்றுப் பொறுத்து, "ஒங்களுக்குத் தெரியும்னுல்ல அண்ணன் சொன்னுச்சு. அது ப்ளூடூத்து இல்ல. அண்ணனுக்கு ரெண்டு காதும் கேக்கல" என்றாள்.

கேக்கல. மவுஸைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றுவிட்டது. நான்சி சொல்லிக்கொண்டே போனாள். கம்ப்ரசர் பக்கத்திலேயே வருஷக்கணக்காக நின்று வலது காது எப்போதோ மங்கிவிட்டதாம். போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்து இடது காதையும் கொண்டுபோய்விட்டதாம். காதில் அந்த மிஷினை மாட்டினால் இரைச்சல் கேட்கிறது, பேச்சு பிடிபடவில்லை, போனில் சுத்தமாக ஒன்றும் இல்லை. வேலையை விட்டு ஊருக்கு வந்துவிட்டான். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதால் வீட்டார் வெளியில் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒங்ககிட்ட மட்டும் சொல்லிட்டேன்னுச்சு, நீங்க ஏன் வரலைன்னுதான் எங்களுக்கும் புரியலை என்றாள்.

சொல்லித்தான் இருந்தான். ஒரே வார்த்தையில் சொல்லியிருந்தான். கேட்டியா என்று இவன் கேட்டான், கேக்கலடா என்று அவன் சொன்னான். கேட்காமல் விட்டேன் என்பதற்கும் அதே வார்த்தை, கேட்க முடியவில்லை என்பதற்கும் அதே வார்த்தை. பாவி மனுஷன், நாள் முழுக்கத் தமிழ் அடித்துப் பிழைக்கிறவன், இந்த ஒரு வார்த்தையில் கோட்டை விட்டிருந்தான். நான்சி போன பிறகு போனை எடுத்து மேலே மேலே தள்ளிப் பார்த்தான். கடைசியாக அனுப்பிய அந்த வாய்ஸ் நோட் அப்படியே இருந்தது. அதை இரண்டு பக்கமும் அழிக்கிற கெடு எப்போதோ தாண்டிப்போயிருந்தது.

மறுநாள் காலையில் கடையைத் திறக்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு கீரனூர் வழியாக ஆவூருக்கு விட்டான். வழி முழுக்க ஒரே நினைப்புதான். அதை மட்டும் அவன் கேட்டுவிடக் கூடாது. வேறு யாரும் கேட்டு அவனிடம் சொல்லிவிடவும் கூடாது. போய் எப்படியாவது அவன் போனை வாங்கி அழித்துவிட வேண்டும். மன்னிப்பு, ஆறுதல் எல்லாம் அப்புறம்.

ஃபிரெடியின் அம்மா வியாகுலமேரி வாசலிலேயே இருந்தார். வாப்பா, இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா என்று கேட்டுவிட்டு, உள்ளே கையைக் காட்டி, மொகத்துக்கு நேரா நின்னு மெதுவாப் பேசு என்று சொல்லிக்கொடுத்தார். ஃபிரெடி ஜன்னலோரம் ஒரு மிக்சியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தான். இளைத்திருந்தான்.

"வாடா" என்றான். அது கூப்பாடாக வந்தது. அவனுக்கு அது தெரியவில்லை.

இருவரும் பேசினார்கள். அவன் வாயால் பேசினான், இவன் போனில் எழுதிக் காட்டினான். திருச்சி டாக்டர் மண்டைக்குள்ளே சின்னதாக ஒரு மிஷின் வைக்கலாம் என்கிறாராம், பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். பாதி மிஷின் மனுஷன்டா நான், நாம பேசிட்டே இருந்தோம்ல, நான் ஆகியே காட்டப்போறேன் என்று சிரித்தான். பிறகு தன் போனைத் திறந்து இவனிடம் காட்டினான். இவனுடைய வாய்ஸ் நோட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒன்றுகூடத் திறக்கப்படாமல் இருந்தன.

நான்சியைக் கேட்டுச் சொல்லச் சொல்லலாம்தான், ஆனால் அவள் சொன்னால் அவள் குரலில் இருக்கும், அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன் என்றான். எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறானாம். பிறகு கடைசியில் இருந்ததைத் தொட்டுக் காட்டினான்.

"கேக்கலன்னு சொன்னா அதுக்கும் வாய்ஸ்லயே பதில் அனுப்புற. லூசாடா நீ? ஆறுதல்தான் சொல்லிருப்பன்னு தெரியும். ஆபரேஷன் பலிச்சா மொதல்ல இதத்தான் கேக்கணும்னு வச்சிருக்கேன்."

காப்பி போட்டு எடுத்துவர அவன் அடுப்படிக்குப் போனான். போன் திருமுருகன் மடியில் இருந்தது. அந்த வாய்ஸ் நோட்டின்மேல் விரலை வைத்து அழுத்தினான், மேலே குப்பைத்தொட்டி படம் வந்தது. இன்னொரு தொடல்தான், ஒன்றுமே நடக்காத மாதிரி ஆகிவிடும். ஆனால் ஒரு நாள் அவன் காது திறந்து, அந்த ஆறுதலைத் தேடி, அது அங்கே இல்லாமல் போனால் என்ன நினைப்பான் என்று தோன்றியது. அதற்கொரு பொய், அதைக் காக்க இன்னொரு பொய். உலகத்தில் பொய் சொல்லாமல் பேசக் கிடைத்த ஒரே ஆளிடமா என்று நினைத்தபோது கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. விரல் நகரவில்லை. ஃபிரெடி காப்பியோடு வந்து நின்று திரையையும் இவனையும் பார்த்தான்.

"எதுக்குடா அழிக்கப் பாக்குற?"

எழுதிக் காட்ட இவனால் முடியவில்லை. எழுந்து அவன் முகத்துக்கு நேராக நின்றான். அது ஆறுதல் இல்லடா என்றான். அவனுக்குப் பிடிபடவில்லை. தப்பா நெனச்சு ஒன்னத் திட்டிட்டேன்டா என்றான். அதுவும் பாதிதான் போய்ச் சேர்ந்தது, என்ன திட்டின என்று கேட்டான். திருமுருகன் அந்த வார்த்தைகளையே, ஒவ்வொன்றாக, உதடு பிரித்துச் சொன்னான். சொல்லும்போது குரலே எழவில்லை. எழாவிட்டாலும் அவனுக்கு ஒன்றுதான்.

"காது என்ன செவிடாடா ஒனக்கு?"

ஃபிரெடி இவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். காப்பி டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். அளவு தெரியாத சிரிப்பு, வாசலில் இருந்த வியாகுலமேரி பதறி எட்டிப் பார்த்தார், தெருவில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தினார்.

"ஆமாடா" என்று கத்தினான். "செவிடுதான்."

சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இவன் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டான். அழிக்க விடவில்லை. காது போனதிலிருந்து எவனும் தன்னைத் திட்டுவதே இல்லை என்றான். எல்லாரும் மெதுவாக, பொறுமையாக, சாமிக்கு முன்னால் நிற்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். என்ன சொன்னாலும் சரி சரி என்று தலையாட்டுகிறார்கள்.

"இது இருக்கட்டும். மொதல்ல இதத்தான் கேப்பேன்" என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பலிக்கலன்னா என்ன, எழுதி அனுப்பு. நீ எழுதுறதப் படிச்சா மனசு ஒன் கொரல்லதான் படிக்குது" என்றான்.

ஊருக்கெல்லாம் வருக வருக என்று அடித்துக் கொடுக்கிறவனுக்கு, இருந்த ஒரே நண்பனுக்கு உட்கார்ந்து நாலு வரி எழுதலாம் என்று இத்தனை நாள் தோன்றவில்லை. திரும்பி வரும்போது அதை நினைத்து வழி முழுக்கத் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தான். பேனரில் ஃபிரெடியின் காதில் இருந்ததை, நான்சி சொன்னபடி, அழித்துத்தான் கொடுத்தான். ஆனால் அழிக்காத படத்தை ஒரு பக்கம் தனக்காக வைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஷட்டரைப் பாதி இறக்கினான். தெருவில் கூட்டமில்லை, மாடி அறை எப்போதும் போலக் காலியாக இருந்தது, எதுவும் பெரிதாக மாறிவிடவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அவன் கேட்காமல் போன வாய்ஸ் நோட்டுகளில் முதலாவதைத் தன் காதில் வைத்துக் கேட்டான். தன் குரல் தொண்டையைச் செருமியது. கேட்டதை அப்படியே எழுதத் தொடங்கினான். முதல் வார்த்தையை அடித்ததும் சங்கடமாகி அழித்தான், பிறகு இருக்கட்டும் என்று மறுபடி அடித்து, அதை மட்டும் தனியாக அனுப்பினான்.

"கேக்குதா?"

ஆவூரிலிருந்து உடனே பதில் வந்தது.

"கேக்குதுடா. மேல சொல்லு."